பேரு வேணாம், தெருவச் சொல்லு

அந்த அக்காவின் பேரை நான் சொல்லப் போவதில்லை. மறந்துவிடவில்லை, நன்றாக ஞாபகம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் அவர் பேர் தெரிந்தவர்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள். போய் விசாரித்தால் அவர்களும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் சொல்லாததற்குக் காரணம் வேறு. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்கள் வானொலி நிலையம் ஒரு தையல் பயிற்சிக் கூடத்துக்கு மேல்மாடியில் இருந்தது. ஒரு அறக்கட்டளை நடத்தியது. சமுதாய வானொலி என்று பேர். கீழே பெண்கள் மிஷின் மிதிப்பார்கள். மேலே நாங்கள் பழைய மெத்தைகளைச் சுவரில் ஆணி அடித்து அதை ஸ்டுடியோ என்று சொல்லிக்கொண்டோம். மிஷின் சத்தம் மெத்தையைத் தாண்டி வரும். அதனால் கீழே அவர்கள் சாப்பிடும் நேரம்தான் மேலே எங்களுக்குப் பதிவு நேரம். எங்கள் அலை கவரைப்பேட்டையைத் தாண்டினால் கொரகொரத்துவிடும். தேர்வாய் கண்டிகைக்குச் சில நாள் எட்டும், சில நாள் எட்டாது. எட்டிய இடத்திலெல்லாம் கேட்டார்கள். ஷேர் ஆட்டோவில், டீக்கடையில், கம்பெனி பஸ்ஸில், ஷிப்ட் மாறக் காத்திருப்பவர்களின் காதில் என்று எங்கும் நாங்கள் இருந்தோம். நான் மிக்ஸர் மேசையைப் பார்த்துக்கொண்டேன். யார் குரல் ஏற வேண்டும், யார் குரல் இறங்க வேண்டும் என்பது என் விரலில் இருந்தது. கேட்பதற்குப் பெரிய அதிகாரம் மாதிரித் தோன்றும். ஒரு மண்ணும் இல்லை.

பேச ஆள் எடுத்தபோது, பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து வந்தவர் அக்காவின் குரலைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "வாய்ஸ் ரொம்பக் கரகரன்னு இருக்கே, இவங்களுக்கு வேற ஏதாவது வேலை கொடுங்க" என்றார். அக்கா அதுவரை ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் பேக்கிங் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா அம்மா பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள்.

"மிஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி ஆன கொரல் சார் இது" என்றார் அக்கா. "இனிமே தேச்சி வழவழப்பா ஆக்க முடியாது. வேணும்னா வெச்சிக்கோ, வேணாம்னா சொல்லு, நான் போய்க்கினே இருக்கேன்."

வைத்துக்கொண்டார்கள். சாயங்கால நிகழ்ச்சி ஒன்றைக் கொடுத்தார்கள். வானிலையும் விவசாயமும் என்று அதற்குப் பேர்.

முதல் வாரத்திலேயே அக்கா அதைத் தலைகீழாக்கிவிட்டார். "இங்க இன்னா விவசாயம் நடக்குது? இருந்த கழனிக்கெல்லாம் காம்பவுண்டு கட்டிட்டான். வானிலன்னா மழ மட்டும்தானா, காத்து இல்லியா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார், என்னவோ நான்தான் காம்பவுண்டு கட்டியவன் போல. அன்று மைக்கில் கேட்டார்: "உங்க தெருவுல இன்னிக்கி காத்து எப்படிகீது? நாத்தம் கீதா, இல்லியா? போன் பண்ணிச் சொல்லுங்க."

அடேயப்பா! போன் அன்றைக்கு அடங்கவே இல்லை. இத்தனை வருஷமாக அந்த ஜனங்களிடம் ஓட்டு கேட்டவர்கள் உண்டு. உங்கள் தெருவில் காற்று எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒரு தெருவில் அழுகின முட்டை வாடை என்பார்கள். இன்னொரு தெருவில் பிளாஸ்டிக் எரிகிற வாடை. நகப்பாலிஷ் பாட்டிலைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னாள். அக்கா ஒவ்வொன்றையும் கேட்டு, காற்று அடிக்கிற திசையையும் கேட்டு, "கெழக்கால கீறவங்க துணிய எடுத்து உள்ள போட்டுக்கோங்க, கொழந்தைங்கள ஊட்டுக்குள்ள கூப்புட்டுக்கோங்க, உங்க பக்கம் வந்துகினு கீது" என்பார். அவர் சொன்னால் அடுத்த நிமிஷம் மாடிகளில் துணி காணாமல் போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அக்கா மத்தியானம் டப்பாவைத் திறந்தால் கருவாட்டுக் குழம்பு. மெத்தை அடித்த அறை, இருந்த ஒரே கண்ணாடி ஜன்னலையும் திறக்க முடியாது, யோசித்துப் பாருங்கள். "ஊர் நாத்தத்த எல்லாம் விசாரிக்கிறியே, இதுக்கு யாருக்குப் போன் பண்றது?" என்று கேட்பேன். "இது நம்ம நாத்தம் நைனா, துண்ணு பாரு" என்று என் தட்டிலும் கொஞ்சம் ஊற்றிவிடுவார். கோபம் வந்தால் என்னை "டேய்". கோபம் இல்லாவிட்டால் "நைனா". ஒரே நாளில் இரண்டும் பல தடவை வரும்.

ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பு. போன் எடுத்ததும் எதிர்முனையில் "அக்கா, நான்..." என்று ஆரம்பித்தால் போதும், வெட்டிவிடுவார். "பேரு வேணாம். தெருவச் சொல்லு." வயசானவர்களையும் வெட்டுவார், குழந்தைகளையும் வெட்டுவார். வாழ்நாளில் ஒரு தடவையாவது ரேடியோவில் தன் பேர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போன் செய்பவர்கள் இருப்பார்கள் அல்லவா? அவர்களுக்கு முகம் விழுந்துவிடும். சினிமாப் பாட்டு நேரத்துக்குப் போன் செய்தால் குடும்பம் மொத்தத்தின் பேரையும் படிப்பார்கள். அக்கா நிகழ்ச்சியில் பேரே கிடையாது. வெறும் தெருக்கள் பேசிக்கொண்டிருக்கும்.

காரணம் கேட்டேன். "கான்ட்ராக்ட்ல வேல செஞ்சிகீறியா நீ?" என்று திருப்பிக் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப உனக்குப் புரியாது. கேட்டாண்ட நிக்கறவன் கையில ஒருத்தன் பேரு போச்சுன்னா அவன் கத முடிஞ்சிது. மறுநாள் கேட் பாஸ் வேல செய்யாது. ஏன்னு கேட்டா பதில் சொல்ல ஆளே இருக்காது. நான் அப்படி வெளிய வந்தவதான்." அதற்கு மேல் அவர் கதையை அவர் சொன்னதில்லை. நானும் கிளறவில்லை.

அந்தக் கண்டிப்பை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரையும் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு பெரிய முட்டாள்கள் நாங்கள்! வானொலி நடத்துகிறவர்களுக்கே இது தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்?

ஒரு கம்பெனியில் கழிவுத் தொட்டி கழுவும் வேலை பார்த்த ஒருவர் அடிக்கடி போன் செய்வார். எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் "அதாகப்பட்டது" என்றுதான் ஆரம்பிப்பார். "அதாகப்பட்டதுக்கா, மழ பெய்யற நாளு பாத்துத் தொட்டியத் தொறந்து உடறாங்க, ஓடத் தண்ணி கலரே மாறிகீது" என்று ஒருநாள் சொன்னார். பேர் சொல்லவில்லை, தெருவை மட்டும்தான் சொன்னார். மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனபோது கேட்டில், ஆள் எடுக்கும் கான்ட்ராக்டர் நின்றிருந்தான். வெளியூர்க்காரன் இல்லை. அவர் தெருவுக்கு அடுத்த தெரு. இருவரும் ஒரே கடையில் டீ குடிப்பவர்கள். சிரித்துக்கொண்டே சொன்னானாம்: "அதாகப்பட்டது, இன்னிலேருந்து உனக்கு வேல இல்ல."

அந்த மனிதர் நேராக எங்கள் மாடிக்கு வந்தார். "பேரு சொல்லலியேக்கா, நீ சொன்ன மாரிதானே சொன்னேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை. முகத்தை மூடிக்கொண்டு நடுத்தெருவில் நின்று கத்தின மாதிரி ஆகிவிட்டது எங்கள் சாமர்த்தியம். பேரை மறைத்தோம், குரலை மறைக்கவில்லை. கேட்கிறவன் எல்லாம் பக்கத்துத் தெருக்காரன். அவனுக்கு எதற்குப் பேர்?

இரண்டு நாள் நிகழ்ச்சியில் பாட்டு மட்டும் போட்டோம். மூன்றாம் நாள் அக்கா வந்தார். வழக்கம்போல வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டார், செருப்பை வெளியே விட்டார், மைக் முன்னால் உட்கார்ந்தார். "இனிமே போன மைக்குல குடுக்காத. என் காதுல மட்டும் குடு" என்றார். போனில் ஒருத்தி சொல்வதை ஹெட்போனில் கடைசி வரைக்கும் கேட்டார். பாட்டு முடிந்ததும் மைக்கைத் திறக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"நான் ஏரிக்கர தெருவுலேருந்து பேசறேன். எனக்குக் காலையிலேருந்து நெஞ்சு அடைக்குது. என் கடைசிப் புள்ள இருமி இருமி சாப்புடவே இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா கல்யாணமே செய்துகொள்ளாதவர்.

அன்றிலிருந்து அப்படித்தான். எத்தனை பேர் போன் செய்தாலும் காற்றில் போவது ஒரே குரல். எல்லாவற்றுக்கும் "நான்". ஆம்பிளை போன் செய்தாலும் அப்படியே: "என் பொண்டாட்டிக்கு ரெண்டு நாளா வாந்தி, நான் லீவு கேட்டா தர மாட்றாங்க." டீக்கடையில் சிரித்து உருண்டார்கள். "நேத்து அக்காவுக்குப் புருஷன் இருந்தான், இன்னிக்கி பொண்டாட்டி கீறா" என்று கிண்டல். அக்காவின் காதிலேயே சொல்வார்கள். "ஆமாண்டா, எனக்கு ஊரு முழுக்கக் குடும்பம்" என்று அவரும் சிரிப்பார். ஆனால் மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டால் விளையாட்டு கிடையாது. போனில் அழுதவள் எந்த இடத்தில் அழுதாளோ அந்த இடத்தில் அக்காவின் குரலும் உடையும். நடிப்பு என்று நான் முதலில் நினைத்தேன். வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போது கை நடுங்குவதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

போனில் வரும் குரல்கள் எங்கள் கம்ப்யூட்டரில் தானாகவே பதிவாகிவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் அக்கா என் பின்னால் வந்து நிற்பார். "அழி." நான் அழிப்பேன். "தொட்டியிலேருந்தும் அழி." குப்பைத் தொட்டி என்று கம்ப்யூட்டரில் ஒன்று இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். "அக்கா, நாளைக்கி எவனாவது வந்து யார் சொன்னான்னு கேட்டா?" என்றேன் ஒருநாள்.

"நான் சொன்னேன்னு சொல்லு."

"நீ சொன்னேன்னா, உனக்கு யார் சொன்னான்னு கேப்பான்."

"கேக்கட்டுமே. ஜனங்க கீறாங்க இல்ல? அப்ப வந்து நிப்பாங்க. ஒருத்தரா ரெண்டு பேரா?"

அந்த நம்பிக்கையை எங்கிருந்து பிடித்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தினமும் போன் செய்கிறவர்களில் ஏரிக்கரைத் தெருப் பெண் ஒருத்தி உண்டு. மெல்லிய குரல், வாக்கியம் முடியும்போது மேலே ஏறும். கத்திரிக்காய் விலை கேட்டாலும் அழுவது போல் இருக்கும். அவளுக்கு ஒரு சின்னப் பெண் குழந்தை. காற்று மாறினாலே அந்தக் குழந்தைக்கு மூச்சு இளைக்கும். அக்கா மற்றவர்களிடம் சட்டென்று பேசி வைத்துவிடுவார். இவளிடம் மட்டும் நேரம் எடுப்பார். ஈரத் துணியை ஜன்னலில் கட்டு, டாக்டரிடம் போனாயா, என்ன சொன்னார் என்று சொந்தத் தங்கையிடம் கேட்பது போல் கேட்பார். அவள் பேரை அக்காவும் கேட்டதில்லை, எனக்கும் தெரியாது. குரல் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடம்.

அப்புறம் அந்தச் சாயங்காலம் வந்தது. காற்றே இல்லாத நாள். எங்கள் மாடியிலேயே தொண்டை கரித்தது. கீழே மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். போன் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. அக்கா ஒரு காதில் கேட்டுக்கொண்டே பேச ஆரம்பித்தார். பாட்டு இல்லை, இடைவெளி இல்லை. "எனக்குக் கண்ணு எரியுது, தொறக்க முடியல. என் பொண்டாட்டி மயக்கமா கீறா. என் பொண்ணுக்கு மூச்சு வாங்குது, வண்டி கெடைக்கல, ஏரிக்கர தெரு முனையில நிக்கறேன், யாராவது வண்டி வெச்சிகீறவங்க வாங்க." யாரோ ஒரு ஆட்டோக்காரர் அதைக் கேட்டு அங்கே போனார். அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிழைத்துக்கொண்டது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் அக்கா இருமிக்கொண்டே என் பின்னால் வந்து நின்றார். "அழி." "அக்கா, இன்னிக்கி மட்டும் வேணாமே" என்றேன். "டேய், அழிடா!" அழித்தேன். என்ன செய்வது, அவர் சொன்னால் சொன்னதுதான்.

சில நாள் கழித்து விசாரணை என்றார்கள். அந்தத் தையல் கூடத்திலேயே, மிஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடத்தினார்கள். இரண்டு அதிகாரிகள், கம்பெனித் தரப்பில் ஒருவர், எங்கள் அறக்கட்டளைச் செயலாளர், தெருக்களிலிருந்து கூப்பிட்டிருந்த ஜனங்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான் கான்ட்ராக்டர். அவனை யார் கூப்பிட்டார்கள் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அன்றைக்கு எந்தக் கசிவும் இல்லை, வானொலியில் ஒரு அம்மா கிளப்பிவிட்ட பீதி என்று கம்பெனிக்காரர் சொன்னார். இனி அக்காவுக்கு மைக் உண்டா இல்லையா என்பது அந்த அறையில் ஒரே ஒருவர் எழுந்து "ஆமாம், நான்தான் சொன்னேன்" என்று சொல்வதில் இருந்தது.

காற்றில் போன பதிவைப் போட்டுக் காட்டினார்கள். கரகரத்த அந்தக் குரல் கூடம் முழுக்க ஒலித்தது. என் பொண்டாட்டி. என் பொண்ணு. என் கண்ணு.

"உங்களுக்கு எத்தனை குழந்தைங்கம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்லீங்க சார்."

"இந்த மனைவி யாரு?"

சிரித்தார்கள். அதிகாரிகள் சிரித்தால் போகட்டும் என்று விடலாம். பின்வரிசையில் எங்கள் ஜனங்களும் சிரித்தார்கள். டீக்கடையில் சிரித்த அதே சிரிப்பு.

"சொன்னவங்க பேரைச் சொல்லுங்க."

"பேரு கேக்க மாட்டேன் சார்."

"போன் பதிவு?"

"அழிச்சிட்டேன்."

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். பிறகு ஒப்புக்குத் தெருக்காரர்களைக் கேட்டார். ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது சார். அன்றைக்கு ஊரிலேயே இல்லை சார். வாடை ஏதும் வரவில்லை சார். எல்லோரும் பேசும்போது பார்த்தது அதிகாரியை இல்லை, முன்வரிசை நாற்காலியை. கடைசியில் ஒரு பெண் எழுந்தாள், இடுப்பில் ஒரு குழந்தை. "நான் ரேடியோவே கேக்கறதில்ல சார்" என்றாள். மெல்லிய குரல். முடியும்போது மேலே ஏறியது.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். "சார், எனக்கும் அன்னிக்கித் தொண்ட எரிஞ்சுது, நான் மேல ஸ்டுடியோலதான் இருந்தேன். போன்ல வந்த அத்தன பேரு கொரலும் எனக்குத் தெரியும். இதோ நிக்குதே இந்தம்மா..."

"டேய்!" என்றார் அக்கா. அந்தக் கூடமே அதிர்ந்தது. "உக்காருடா."

"அக்கா, கொழந்தைய இடுப்புல வெச்சிக்கினு பொய் சொல்லுதுக்கா!"

"உக்காருன்னேன் இல்ல?"

அந்தப் பெண்ணின் விரல்கள் குழந்தையின் சட்டையை முறுக்கிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் கான்ட்ராக்டர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். நான் உட்கார்ந்தேன். "தம்பி இங்க சம்பளத்துக்கு இருக்கறவர்தானே?" என்று செயலாளரிடம் கேட்டார் கம்பெனிக்காரர். அதோடு என் சாட்சியும் முடிந்தது.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். பாஸ் போனால் அடுப்பு எரியாது, எல்லாம் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. அத்தனை பேரில் ஒரே ஒருவர் எழுந்திருக்கக் கூடாதா? அக்காவுக்கு அடுப்பு இல்லையா, வயிறு இல்லையா? வேலை போன "அதாகப்பட்டது" மனிதர் வந்திருந்தால் ஒருவேளை எழுந்திருப்பார். அவர் அதற்குள் ஊரைவிட்டே போய்விட்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்டுப் படித்தால் வேறு நேரம் தருகிறோம் என்றது அறக்கட்டளை. "நான் பொய் சொல்லலியே, எதுக்கு மன்னிப்பு?" என்றுவிட்டு அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். மன்னிப்பை வேறொரு பெண் படித்தாள், அழகான வழவழ குரலில். அந்த நேரத்தில் இப்போது மாலைத் தென்றல் என்று சினிமாப் பாட்டு போடுகிறார்கள். தென்றலாம்! வாடை இன்னும் வருகிறது, அதுவும் அதே நேரத்துக்கு. துணியை எடு என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நடுநடுவே தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றி நல்ல நல்ல வாசகங்கள் சொல்கிறார்கள். நானும் அடுத்த மாதமே வெளியே வந்துவிட்டேன். மைக்செட் வாடகைக்கு விடும் தொழில் தொடங்கினேன்.

இதைவிட எனக்குத் தாங்காதது ஒன்று. ஒருநாள் பஸ்ஸில் அக்காவும் நானும் போய்க்கொண்டிருந்தோம். விசாரணையில் "ஊர்லயே இல்ல சார்" என்ற அதே ஆள், கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்கிறார்: "எப்பக்கா திரும்ப வருவே? நீ இல்லாம ரேடியோ நல்லாவே இல்ல. பாட்டா போட்டு பேஜாரு பண்றானுங்க." நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் தொடையில் கிள்ளிவிட்டார். "வரேன் வரேன்" என்றார் அவரிடம், சிரித்துக்கொண்டே.

ஆடி மாதம் பெரியபாளையத்து அம்மன் கோயில் திருவிழாவில் எனக்கு மைக்செட் வேலை கிடைத்தது. கூட்டத்தில் காணாமல் போனவர்களை அறிவிக்க ஒரு பந்தல், ஒரு மைக், நான்கு குழாய் ஒலிபெருக்கி. கத்த ஆள் வேண்டும். அக்காவைக் கூப்பிட்டேன். "அந்தக் கொரலுக்கு ஏத்த வேலதான்" என்று வந்தார். அங்கே வேலையே பேர் சொல்வதுதான். குழந்தை பேர், அப்பா பேர், அம்மா பேர், ஊர். பேரே கேட்காத அக்கா நாள் முழுக்க ஊரார் பேரைக் கத்திக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குக் கசப்பாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிராம்பை ஒதுக்கிக்கொண்டு கத்தினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் வைக்கிற புகையும் வேப்பிலையும் கூட்டமுமாக மூச்சு முட்டுகிற நேரம். ஒரு பெண் முடி அவிழ்ந்து ஓடி வந்தாள். "எம் பொண்ணக் காணோம், இங்கதான் நின்னுகினு இருந்தா!" மெல்லிய குரல், மேலே ஏறியது. நான் கையிலிருந்த வயரை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். அவள் அதற்குள் மைக் பின்னால் இருப்பது யார் என்று பார்த்துவிட்டாள். அப்படியே நின்றாள். திரும்பி ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். எங்கே ஓடுவாள், குழந்தை வேண்டுமே?

"பொண்ணு பேரு இன்னா?" என்றார் அக்கா. சொன்னாள். "இன்னா போட்டுக்கினு கீது?" மஞ்சள் கவுன் என்றாள். அடுத்து அம்மா பேர் கேட்க வேண்டும். அவள் உதடு ஆடியது, சத்தம் வரவில்லை. அக்கா அவள் முகத்தைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேரு வேணாம். தெருவச் சொல்லு."

"ஏரிக்கர தெரு" என்றாள் அவள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அக்கா மைக்கைத் திறந்தார். கண்ணை மூடிக்கொண்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். "எம் பொண்ணக் காணோம். மஞ்ச கவுனு போட்டுக்கினு கீறா. அவளுக்கு மூச்சு எளப்பு கீது, ஓட உடாதீங்க. கண்ணு, எங்க கீறியோ அங்கயே நில்லு. அம்மா ஏரிக்கர தெருவுலேருந்து வந்துகினே கீறேன்." விடாமல் சொன்னார். குழந்தையின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

யாரோ ஒரு பெண்மணி அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தாள். தாய்க்காரி குழந்தையின் முதுகில் ஒரு அடி வைத்தாள், பிறகு இறுக்கி அணைத்துக்கொண்டாள். அக்கா பக்கம் ஒரு தடவை திரும்பினாள். வாய் திறந்தது. மூடிக்கொண்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

என்னால் அடக்க முடியவில்லை. "அது யாருன்னு தெரியுதா உனக்கு?"

"கொரல் தெரியாதா எனக்கு?"

"தெரிஞ்சுமா சும்மா அனுப்புனே? அன்னிக்கி வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ இன்னும் ஸ்டேஷன்ல இருந்திருப்பே. ஏன்டி சொல்லலன்னு ஒரு கேள்வி கேக்கக் கூடாதா?"

அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். "இன்னான்னு கேக்கறது நைனா?" என்றார். "சொல்லாத சொல்லாதன்னு தெனமும் சொல்லிக் குடுத்தது யாரு? நான்தானே. நல்லா கத்துக்கினாங்க."

அதற்குள் ஒரு பெரியவர் வந்து நின்றார். கூட வந்தவர்களைத் தவறவிட்டுவிட்டாராம். பேச ஆரம்பித்ததே முணுமுணுப்பாக இருந்தது. அக்கா மைக்கை இரண்டு தட்டு தட்டி அவர் பக்கம் திருப்பினார்.

"பேரு சொல்லு பெரியவரே" என்றார். "நல்லா சத்தமா சொல்லு."